பனிக்காலத்தில் ஒரு வேர்க்குரு

போன வாரம் என் சித்தி மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கட்டில் முழுக்கக் குட்டித் துணிகள். ஸ்வெட்டர் ஏழு, குல்லா ஐந்து, கையுறை ஒரு டஜன், ஓரத்தில் ஒரு ஜோடி குட்டி பூட்ஸ். நான்கு மாதக் கைக்குழந்தையோடு அடுத்த மாதம் குளிர் நாட்டுக்குக் குடிபோகிறார்கள். “போதுமாக்கா?” என்று கீழே ஒரு கேள்வி. நடக்கவே ஆரம்பிக்காத பிள்ளைக்கு பூட்ஸ் எதற்கடி என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் என் பெட்டியிலும் அதே மாதிரி ஒரு ஜோடி இருந்தது. ஒரு நாள்கூடப் போடவில்லை. காலில் தளர்வான சாக்ஸும், பாதத்தையும் சேர்த்து மூடும் உடுப்பும் போதும். சாக்ஸ் இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப்போகும்.

அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. புதிதாக வருகிற எல்லோருக்கும் ஆகட்டும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

விசா, காப்பீடு, டாக்டரிடம் பதிவு செய்வதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். தடுப்பூசி அட்டை பெட்டியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். குழந்தைகளுக்கென்று காரில் பொருத்தும் தனி இருக்கைக்கு, அதாவது கார் சீட்டுக்கு, ஏற்பாடு செய்யாமல் விமான நிலையத்திலிருந்து குழந்தையோடு காரில் ஏறாதீர்கள். கைக்குழந்தை என்பதால் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சு அங்கே எடுபடாது. அவ்வளவுதான். மற்றதை யாரும் சொல்லித் தருவார்கள். எனக்கு யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

அப்போது மகளுக்குப் பத்து வாரம். எங்களுக்கு அது முதல் பனிக்காலம். வெளியே மைனஸ் 11. சாமான் வாங்கப் போக வேண்டும், கணவர் வேலைக்குப் போய்விட்டார். கிளம்பும்போது பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. ஒரு ஸ்வெட்டர் போட்டேன். மறுபடி தொட்டேன். அப்படியேதான் இருந்தது. வீடியோ அழைப்பில் இருந்த அம்மா, “மூக்கு செவந்திருக்கு பாரு, இன்னொண்ணு போடுடி” என்றாள். போட்டேன். கடைசியில் அவள் மேல் இருந்தவை: கையில்லாத பனியன், முழுக்கை பாடிசூட் (காலிடுக்கில் பட்டன் போடுகிற ஒட்டு உடுப்பு), ஸ்வெட்டர் இரண்டு, உடம்பு முழுக்க மூடுகிற பஞ்சு அடைத்த ஸ்னோசூட், இரண்டு குல்லா, எல்லாவற்றுக்கும் மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணியில் ஒரு போர்வை. கை மடங்கவில்லை. இரண்டு பக்கமும் விரித்தபடி பொம்மை மாதிரி கிடந்தாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் என் கணக்கு சரி. பஸ்ஸில் ஏறியதும் காலடியிலிருந்து வெந்நீர் ஆவி மாதிரி ஹீட்டர் காற்று. கடைக்குள் அதைவிடச் சூடு. நானே ஜாக்கெட்டைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டேன். அவள் தூங்கிவிட்டாள். என்ன சொகுசாகத் தூங்குகிறாள் பார் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. நான் கழற்றினேனே, அவளுக்கும் கழற்ற வேண்டுமே என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்பது ஒன்றுதான் மண்டையில் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து வீடு வந்து பார்த்தால் முகம் செக்கச்செவேல் என்று இருக்கிறது, முடி நெற்றியோடு ஒட்டிக்கிடக்கிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறாள். தெர்மாமீட்டர் வைத்தேன். 38.2 டிகிரி செல்சியஸ். மூன்று மாதத்துக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு 38 தொட்டாலே உடனே டாக்டர் பார்க்க வேண்டும். இதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். துணி அதிகமானதால்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டி வீட்டில் உட்காராதீர்கள். துணியைக் குறைத்துக்கொண்டே போன் செய்யுங்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொன்றாகக் கழற்றி நாற்காலியில் வைத்தார். குவியல் பிள்ளையைவிடப் பெரிதாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எண்ணிக்கொண்டே வந்தார் என்று மட்டும் தெரிந்தது. அரை மணி கழித்து மறுபடி வைத்தபோது 37.1. ஆனாலும் அந்த வயசுப் பிள்ளை விஷயத்தில் அவர்கள் ரிஸ்க் எடுக்கமாட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். ஊசி குத்தும்போது என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எல்லாம் சுத்தமாக இருந்தது. கழுத்து மடிப்பிலும் முதுகிலும் மட்டும் சிவப்புச் சிவப்பாகப் பொரிப்பொரியாக ஏதோ. டாக்டர் நீளமாக ஒரு பெயர் சொன்னார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வேர்க்குரு. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, என் பிள்ளைக்கு வேர்க்குரு.

“எதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்தீர்கள்?” என்று கேட்டார். கை என்றேன். என் இரண்டு விரலைப் பிடித்துப் பிள்ளையின் பின்கழுத்தில், காலருக்கு உள்ளே வைத்தார். “இனிமேல் இங்கே.”

கைக்குழந்தைகளுக்குக் கையும் காலும் சில்லென்று இருப்பது சாதாரணம். சூட்டை உடம்பின் நடுப்பகுதிக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஓரத்துக்கு அனுப்பும் உடம்பு அது. பிறந்த புதிதில் உள்ளங்கை லேசாக நீலம் பாய்ந்தால்கூடப் பெரும்பாலும் பயமில்லை. உதடோ நாக்கோ நீலமானால் அது வேறு கதை, உடனே ஓட வேண்டும். கைக்குழந்தைக்கு நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. அதற்குப் பதில் பின்கழுத்திலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது, அதை எரித்துச் சூடு பண்ணிக்கொள்ளும். ஆனால் சூடு கூடிப்போனால் போர்வையை உதறத் தெரியாது. குளிர் தாங்காதே என்று நாம் பயப்படுகிறோம். அதிகச் சூடும் அதே அளவு ஆபத்து. தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகிற சம்பவங்களில் அதிகச் சூட்டையும் ஒரு காரணியாக மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ஆகவே பின்கழுத்து, இல்லையென்றால் நெஞ்சு. வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தால் கை எவ்வளவு சில்லிட்டிருந்தாலும் சரி. பிசுபிசுத்தால் ஒன்றைக் கழற்றுங்கள். நெஞ்சும் வயிறும் குளிர்ந்திருந்தால் ஒன்று கூட்டுங்கள். உங்கள் விரல் சில்லிட்டிருந்தால் முதலில் அதைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எதைத் தொட்டாலும் கொதிக்கிற மாதிரிதான் தெரியும்.

எத்தனை அடுக்கு? பெரியவர்கள் போடுவதைவிட ஒன்று கூட. எல்லா நாட்டிலும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் நம்மைப் போல வந்திறங்கியவர்களுக்கு இதில் ஒரு குழி இருக்கிறது. முதல் வருஷம் நாம் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர், சால்வை, இரண்டு ஜோடி சாக்ஸ் என்று உட்கார்ந்திருப்போம். பக்கத்து வீட்டுக்காரர் அரைக்கை சட்டையோடு குப்பை போட்டுவிட்டு வருவார். நம் கணக்கில் ஒன்று கூட்டினால் பிள்ளை வெந்துபோகும். நாலைந்து பனிக்காலம் கண்ட யாரையாவது பார்த்து, அவர் போடுவதைவிட ஒன்று கூட்டுங்கள்.

தடியாக ஒன்று போடுவதைவிட மெல்லிசாக மூன்று போடுவது நல்லது. இரண்டு துணிக்கு நடுவில் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. இறுக்கமாக ஒன்றன்மேல் ஒன்று திணித்தால் அந்தக் காற்றுக்கு இடமில்லை, எட்டு போட்டாலும் பிரயோஜனமில்லை. தோலை ஒட்டி ஒரு பாடிசூட். வீட்டுக்குள் பருத்தி தாராளமாகப் போதும். வெகுநேரம் வெளியே இருக்கப்போகிறீர்கள் என்றால் மெரினோ என்கிற செம்மறியாட்டு வகையின் மெல்லிசான கம்பளி வாங்குங்கள். பருத்தி நனைந்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் நனைந்த மாதிரியே காட்டாது. கம்பளி என்றால் குத்தும் என்று நினைக்க வேண்டாம், மெரினோ குத்தாது. அதற்கு மேல் ஒரு ஃப்ளீஸ். எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஒன்று.

வாங்கும்போது அழகைப் பார்க்காதீர்கள், ஜிப்பைப் பாருங்கள். கழுத்திலிருந்து கால்வரை முன்பக்கம் ஒரே ஜிப், தூங்குகிற பிள்ளையிடமிருந்து உருவி எடுக்க வருகிற மாதிரி. முதுகில் ஆறு பட்டன் வைத்த ஒரு கம்பளி உடுப்பை ஆசைப்பட்டு வாங்கினேன். பஸ்ஸில் போகும்போது டயப்பர் பொங்கி முதுகுவரை ஏறிய அன்று அந்த ஆறு பட்டனும் என்னைப் பார்த்துச் சிரித்தன. அதன் பிறகு அதை யாருக்கும் இனாமாகக் கொடுக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை. குல்லாவிலும் தொப்பியிலும் கழுத்தைச் சுற்றுகிற கயிறு இருந்தால் வேண்டாம், கைக்குழந்தைக்கு மஃப்ளரும் வேண்டாம். கழுத்தை இறுக்கிவிடும்.

உள்ளே நுழைந்ததும் கழற்றுங்கள். கடையோ பஸ்ஸோ டாக்டரின் காத்திருப்பு அறையோ எதுவானாலும் குல்லாவும் மேலுடுப்பும் வெளியே வர வேண்டும். தூங்கினாலும் கழற்ற வேண்டும், விழித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் இதைப் பச்சையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு எதற்கு என்று தோன்றும். அந்த ஐந்து நிமிடம் ஒன்றரை மணி நேரமாவதற்குத்தான் நான் சாட்சி.

காரில் போகிறவர்களுக்கு ஒன்று. பஞ்சு அடைத்த ஸ்னோசூட்டோடு கார் சீட்டில் பெல்ட் போடக் கூடாது. மோதினால் பஞ்சு அமுங்கிவிடும், பெல்ட் தொளதொளத்துப் பிள்ளை வெளியே வந்துவிடக்கூடும். நம்பாவிட்டால் வீட்டிலேயே பாருங்கள். ஸ்னோசூட்டோடு உட்காரவைத்து பெல்ட்டை இறுக்குங்கள். நீளத்தை மாற்றாமல் பூட்டை மட்டும் கழற்றி, ஸ்னோசூட்டை எடுத்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். உள்ளே எவ்வளவு இடம் கிடக்கிறது என்று பார்த்தால் வயிற்றைக் கலக்கும். மெல்லிய ஃப்ளீஸோடு உட்காரவைத்து, தோள் எலும்புக்குப் பக்கத்தில் பெல்ட்டைக் கிள்ளிப் பாருங்கள். விரலுக்குள் மடிப்பு சிக்கவில்லை என்றால் சரி. குளிருக்குப் போர்வையை பெல்ட்டுக்கு மேலே போர்த்துங்கள், கார் சூடானதும் எடுத்துவிடுங்கள்.

நெஞ்சோடு கட்டிக்கொண்டு போகிறவர்கள் தங்கள் உடம்பையே ஓர் அடுக்காக எண்ண வேண்டும். ஸ்னோசூட் போட்டு உள்ளே திணிக்காமல், மெல்லிய உடுப்போடு கட்டிக்கொண்டு உங்கள் ஜாக்கெட்டை இருவருக்குமாகப் போட்டுக்கொள்ளுங்கள். முகம் மட்டும் எப்போதும் உங்கள் கண்ணில் படவேண்டும். தள்ளுவண்டியின் வாயைப் போர்வையால் மூடாதீர்கள், உள்ளே காற்று ஓடாது. காற்றின் வேகத்தையும் சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. அப்படிப்பட்ட நாளில் பிள்ளையோடு கிளம்பி வீரம் காட்ட வேண்டாம்.

ராத்திரி விஷயம் சுருக்கமாக. அறை 16 முதல் 20 டிகிரி இருந்தால் போதும் என்கிறது என்ஹெச்எஸ். என் கணவர் 26-இல் வைத்துவிட்டு, தான் மட்டும் ஜன்னலோரம் போய்ப் படுத்துக்கொண்டார், புழுங்குகிறதாம். தொட்டிலில் குல்லா, தலையணை, தனிப் போர்வை எதுவும் வேண்டாம். அதற்கு பதில் கை வெளியே வருகிற ஸ்லீப்பிங் பேக் விற்கிறது. அதில் டாக் என்று ஓர் எண் இருக்கும், எவ்வளவு சூடு காக்கும் என்பதற்கான அளவு. 16 முதல் 20 டிகிரி அறைக்கு 2.5 டாக், அதைவிடச் சூடான அறைக்கு 1 டாக் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிள்ளை போர்வை இல்லாமல் தூங்குகிறதே என்று அம்மாவுக்கு வெகுநாள் விசனம். போர்வையைத்தாம்மா தைத்துச் சட்டையாகப் போட்டிருக்கிறோம் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் சமாதானமானாள்.

போன பனிக்காலத்தில் அம்மாவே வந்திருந்தாள். மகள் இப்போது பெரியவள், பூங்காவில் பனியை உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மா இரண்டு ஸ்வெட்டர், என் கணவரின் ஜாக்கெட், அதற்கு மேல் சால்வை என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று எழுந்து போய், கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டுப் பேத்தியின் காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அவள் கூச்சத்தில் நெளிந்து ஓடினாள்.

“கழுத்துல கைய வெச்சுப் பாத்துட்டேன்டி, புள்ள சூடாத்தான் இருக்கு,” என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள். “எனக்குத்தான் தாங்கல. வீட்டுக்குப் போலாமா?”