ஹொண்டா ஜிஎக்ஸ் 160 பம்பிற்குக் கிராங்கும் பெயரிங்கும் போடும் முறை

விசுவமடு, கிளிநொச்சிப் பக்கத் தோட்டங்களில் இறைக்கிற இந்த எஞ்சின் கரகரவென்று இரைஞ்சால், முதலில் கிராங்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாத்துற தண்டு) தாங்குற பெயரிங்கைப் பாருங்கோ. பெற்றோலுக்கு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால், எரியாதது கீழிறங்கி ஒயிலை மெலிய வைக்கும். தேய்மானத்துக்கு அது போதும்.

இரண்டு பக்கமும் 6205 பெயரிங்தான்: உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீற்றர். எல்லாம் கழட்டின வெற்றுக் கேசை (எஞ்சினின் வெளிக்கூடு) கிட்டத்தட்ட 100 பாகைக்குச் சூடாக்குங்கோ. தண்ணி தெளித்தால் சுர்ரென்று ஆவியாக வேணும். பெயரிங்கை முதல்நாளே ஃப்ரீசரில் வைத்திருந்தால் தானாக இறங்கும். தட்டத்தான் வேணுமெண்டால் வெளி வளையத்தில் மட்டும் தட்டுங்கோ. உள் வளையத்தில் தட்டினால் குண்டு ஓடுற தடத்தில் பள்ளம் விழும். புதுப் பெயரிங்கே சத்தம் போடும்.

கொன்ரொட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற தண்டு) பிடிக்கிற கிராங் பின்னின் விட்டம் புதிதில் 30 மில்லிமீற்றர். 29.92 இற்குக் கீழே போனால் கிராங்கை மாத்துங்கோ, எமரி போட்டு மினுக்கிப் பிரயோசனமில்லை. கொன்ரொட் போல்ட்டை 12 நியூட்டன் மீற்றர் முறுக்கத்துக்கு இறுக்குங்கோ. கொன்ரொட் அலுமினியம், அதிகம் இறுக்கினால் புரி போகும்.

கிராங் பல்லுச்சில்லின் புள்ளியும் காம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) பல்லுச்சில்லின் புள்ளியும் நேருக்கு நேர் நிற்க வேணும். ஒயில் கசியாமல் தடுக்கிற சீலின் உதட்டுக்குக் கிறீஸ் பூசி, மூடிப் போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக 24 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கோ. கிராங்கைக் கையால் சுற்றும்போது எங்கேயாவது பிடித்தால், ஸ்ராட் பண்ணாமல் திரும்பக் கழட்டுங்கோ. ஒயில் 600 மில்லிலீற்றர். முதல் 20 மணித்தியாலத்தில் அதை ஊத்திப்போட்டுப் புதிது விடுங்கோ.