கலகத்தை மூட்டினாரா, கலகத்துக்குத் தூண்டினாரா?

யாழ்ப்பாணத்தில் செய்தி எழுதப் பழகுவோரின் வரைவுகளில் "மக்களைக் கலகத்தைத் தூண்டினார்" என்ற வசனம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே வினைக்கு இரண்டு 'ஐ' வந்ததுதான் பிழை.

தூண்டுதல் என்றால் விளக்குத் திரியை முன்னே தள்ளிச் சுடரை எழுப்புதல். கோயில்களில் தொங்கும் தூண்டாமணி விளக்கின் பெயரும் இதிலிருந்து வந்ததுதான். ஆளுக்கு 'ஐ', செயலுக்கு 'கு' போடுங்கள்: "மக்களைக் கலகத்துக்குத் தூண்டினார்." 'க்கு' என்பதன் பின் வல்லினம் மிகும், 'த்' விடுபடக்கூடாது. ஆளைச் சொல்லாவிட்டால் "கலகத்தைத் தூண்டினார்" போதும். பெயராக எழுதும்போது 'தூண்டுதல்' என்றே எழுதுங்கள். 'தூண்டல்' மின்காந்தப் பாடத்துக்குப் போய்விட்ட சொல்.

மூட்டு என்பது மூள் என்பதன் பிறவினை. தீ மூண்டது, தீ மூட்டினான். கலகம் மூண்டது, கலகம் மூட்டினான். மூட்டப்படுவது கலகம், ஆள் அல்ல. இந்த இணையைச் செய்தியில் நன்றாகப் பயன்படுத்தலாம்: யார் செய்தது என்று தெரியாதவரை "மூண்டது" என்று நிறுத்துங்கள். "மூட்டினார்" என்றால் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டீர்கள். தூண்டு அப்படியல்ல, "படிக்கத் தூண்டினார்" என்று நல்லதற்கும் வரும். கோள், பகை, கலகம் என்று பெரும்பாலும் கெட்டவற்றோடு சேர்ந்து பழகியது மூட்டு.

இனிப் பெயர்ச்சொல். கலகம் வீட்டுச் சண்டையையும் குறிக்கும், நாரதர் கலகம் போல. ஆட்சிக்கு எதிரானதென்றால் "அரசுக்கு எதிரான" என்று முன்னே சேர்க்க வேண்டும். கிளர்ச்சி அந்தக் குழப்பம் இல்லாத சொல், பழிப்பும் குறைவு. 1817–18 இல் இலங்கையின் ஊவா–வெல்லசவில் ஆங்கில ஆட்சியை எதிர்த்து நடந்ததைக் கலகம் என்றால் அந்த ஆட்சியின் பக்கம் நின்று எழுதுகிறீர்கள். விடுதலைப் போராட்டம் என்றால் எழுந்தவர்களின் பக்கம். இரண்டுக்கும் நடுவே நிற்பது கிளர்ச்சி. கலவரம் வேறு: இரு தரப்பும் அடிபட்ட குழப்பம் என்ற பொருளை அது தருகிறது. 1983 யூலையில் தமிழர்கள் தாக்கப்பட்டதற்கு அந்தச் சொல் பொருந்தாது. வன்செயல், படுகொலை என்றே எழுதுங்கள்.

வழக்குச் செய்தியில் கூடுதல் கவனம் வேண்டும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 120 ஆம் பிரிவு, அரசின்மீது வெறுப்புணர்வைத் தூண்டுவதையும் தூண்ட முயல்வதையும் குற்றமாக்குகிறது. உச்ச தண்டனை 2 ஆண்டு வெறுஞ்சிறை, அதாவது கடூழியம் இல்லாத சிறை. அரசின் தவறுகளைச் சுட்டிக்காட்டுவது மட்டும் குற்றமாகாது என்ற விளக்கமும் அதே பிரிவில் இருக்கிறது. செய்தியில் அதையும் ஒரு வரியில் சேருங்கள். தீர்ப்பு வரும்வரை "தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்" என்றே எழுதுங்கள், "தூண்டியவர்" அல்ல. ஆங்கிலத்தில் sedition எனப்படும் இந்தக் குற்றத்தைத் தேசத்துரோகம் என்று மொழிபெயர்க்கவே வேண்டாம். 'துரோகி' என்ற சொல் இந்த மண்ணில் உயிர்களைக் குடித்திருக்கிறது. யாராவது பேசியதில் அந்தச் சொல் வந்தால் மேற்கோள் குறிக்குள், பேசியவரின் பெயரோடு மட்டும் போடுங்கள், தலைப்பில் வேண்டாம்.