ஃப்ரீ கேஷ் ஃப்ளோவை அப்படியே நம்பாதீர்கள்
டெக் நிறுவனப் பங்கின் விலை நியாயமா என்று ஃப்ரீ கேஷ் ஃப்ளோவை (தொழிலில் வந்த ரொக்கத்தில் கட்டடம், கருவி போன்ற முதலீட்டுச் செலவு போக மிஞ்சுவது) வைத்துப் பார்ப்பவர்கள், ஊழியருக்குப் பங்காகக் கொடுத்த ஊதியத்தையும் அதில் கழித்துவிடுங்கள். ரொக்கமாக வெளியே போகாததால் பணப்புழக்க அறிக்கையில் அதைத் திரும்பக் கூட்டியிருப்பார்கள். ஆனால் பங்குகளின் எண்ணிக்கை கூடாமல் இருக்க, நிறுவனம் ரொக்கம் கொடுத்துத்தான் தன் பங்குகளைத் திரும்ப வாங்க (பைபேக்) வேண்டும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2023 கணக்கில் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ சுமார் 69.5 பில்லியன் டாலர். பங்கு ஊதியம் 22.5. மிச்சம் 47தான், மூன்றில் ஒரு பங்கு காலி! மிச்சத்தைச் சந்தை மதிப்பால் (எல்லாப் பங்குகளின் மொத்த விலை) வகுத்து, அமெரிக்க அரசின் 10 ஆண்டுப் பத்திர வட்டியோடு ஒப்பிடுங்கள்.

பி/இ (பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்த விகிதம்) பார்ப்பவர்களுக்கு இது தேவையில்லை, நிகர லாபத்தில் ஏற்கெனவே கழிந்திருக்கும். டேட்டா சென்டருக்குப் பணத்தைக் கொட்டும் ஆண்டிலும் இந்தக் கணக்கு ஏமாற்றும், அந்தச் செலவால் மிச்சம் வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரியும்.