மல்டிட்ராக் டேப் வேறு, ஆல்பம் வேறு: பழைய ராக் இசையை சர்ரவுண்டுக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் தாங்கள் செய்த 5.1 மிக்ஸை (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த சர்ரவுண்ட் வடிவம்) கேட்டுச் சொல்லும்படி கொண்டுவந்தார்கள். 1970களின் பிரிட்டிஷ் ராக் பாடல் ஒன்று. பயிற்சிக்காகக் கிடைத்த மல்டிட்ராக்கை, அதாவது வாத்தியங்களும் குரல்களும் தனித்தனி ட்ராக்கில் இருக்கும் பதிவை, வைத்துச் செய்திருந்தார்கள். முதல் நிமிடத்திலேயே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டிரம்ஸ் அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது. பாடகரின் குரல் நடு ஸ்பீக்கருக்குள் தனியாக அடைபட்டிருந்தது. கிடார் சோலோ தலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. எல்லாமே ஒரு காலத்தில் நான் செய்தவை, அதே வரிசையில்.

"ஒரிஜினல் ரெக்கார்டை எத்தனை தடவை பக்கத்தில் போட்டுப் பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்கு மனப்பாடம் சார்" என்றார் ஒருவர்.

அந்தப் பதிலைக் கேட்டதும்தான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஸ்பீக்கர் வயரை மாற்றிச் சொருகுவது, இடது வலது குழம்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு தடவை நடந்தால் தானே புரிந்துவிடும். பல நாள் உழைத்த பிறகும் கண்ணில் படாமல் இருக்கும் தவறுகள்தான் என் கவலை.

டேப்பை வந்த கையோடு ஓட்டிப் பார்ப்பது

1970களின் நடுப்பகுதியிலிருந்து 80கள் வரை வந்த பல டேப்களில், காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். ஆம்பெக்ஸ் 456 என்ற டேப் ரகம் இதற்குப் பேர்போனது. அப்படியே ஓட்டினால் டேப் கிறீச்சிடும், இயந்திரத்தில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பாகப் படியும். அந்தப் பழுப்புதான் பதிவான இசை, உரிந்தது உரிந்ததுதான். 54 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சீராகச் சூடுபடுத்தினால் சில வாரங்களுக்கு டேப் தாங்கும், அதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். 1950, 60களின் அசிட்டேட் டேப்புக்கு இந்த வைத்தியம் ஆகாது, சூட்டில் அது கெட்டுவிடும். எந்த வகை டேப் என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

டால்பி ஏ குறிப்பைப் படிக்காமல் மாற்றுவது

டால்பி ஏ என்பது டேப் இரைச்சலைக் குறைக்கும் முறை. அதைப் போட்டுப் பதிவு செய்தார்களா என்று பெட்டியின் மேல் எழுதியிருக்கும். படியுங்கள்.

ஒரிஜினல் மிக்ஸ் மனப்பாடம் என்று நம்புவது

இதைப் பற்றி நீளமாகத்தான் எழுத வேண்டும்.

2012இல் முதன்முதலாக ஒரு முழு ஆல்பத்தை என் பொறுப்பில் கொடுத்தார்கள். 1976இல் வெளிவந்தது, இரண்டங்குல அகல டேப்பில் 24 ட்ராக். பதினைந்து வயதில் கேசட் தேயத் தேயக் கேட்ட ஆல்பம் அது. ஒவ்வொரு டிரம் அடியும் எனக்குத் தெரியும் என்று நம்பினேன். அதனால் ஸ்டீரியோ மாஸ்டரை, அதாவது ஆல்பமாக வெளிவந்த இறுதி மிக்ஸ் இருக்கும் டேப்பை, கணினியில் ஏற்றவே இல்லை. மல்டிட்ராக்கைத் திறந்து, நேராக ஐந்து ஸ்பீக்கரிலும் பரப்ப ஆரம்பித்தேன். பதினோரு நாள் வேலை. ஒவ்வொரு இரவும் பெருமையோடுதான் வீட்டுக்குப் போனேன்.

பன்னிரண்டாம் நாள் அந்தக் குழுவின் கிடார் கலைஞர் கேட்க வந்தார். அறுபதைத் தாண்டியவர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு கையைக் கன்சோலின் ஓரத்தில் வைத்தபடி கண்ணை மூடிக் கேட்டார். முதல் இரண்டு பாட்டுக்கும் லேசாகத் தலையாட்டினார். மூன்றாவது பாட்டில் கடைசிச் சரணத்துக்குச் சற்று முன்னால் கண்ணைத் திறந்தார்.

"இங்கே ஸ்லைடு கிடார் வருமே?"

நான் ட்ராக் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். பென்சிலில் எழுதிய 24 கட்டங்கள். எதிலும் ஸ்லைடு என்று இல்லை. அவர்தான் சொன்னார்: ட்ராக் எல்லாம் நிரம்பிவிட்டதாம். அதனால் மிக்ஸ் செய்த இரவில் கன்சோலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மிக்ஸ் ஓடும்போதே அந்த 14 விநாடியை நேராக ஸ்டீரியோ டேப்பில் வாசித்துவிட்டார். மல்டிட்ராக்கில் அது என்றைக்குமே இருந்ததில்லை.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. அந்த ஸ்லைடு கிடார் எனக்கு அத்தனை பிடிக்கும். பதினோரு நாளும் அந்த இடத்தை நூறு தடவையாவது கடந்திருப்பேன். ஒரு தடவைகூடக் குறையாகத் தெரியவில்லை. பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் என் நினைவே அதை வாசித்துவிட்டது. மனப்பாடம் என்பது அப்படித்தான் ஏமாற்றும், ஸ்பீக்கரில் இல்லாததையும் கேட்க வைக்கும்.

சரி, அந்த 14 விநாடியை ஸ்டீரியோ மாஸ்டரிலிருந்தே எடுத்து ஒட்டிவிடலாம் என்று மறுநாள் உட்கார்ந்தேன். முதல் அடியைச் சேர்த்து வைத்து இரண்டையும் ஓட்டினால், பத்து விநாடிக்குள் டிரம்ஸ் இரட்டையாகக் கேட்டது. நிமிடம் தாண்டியபோது இரண்டும் வேறு வேறு இடத்தில் ஓடின. அப்போதுதான் தெரிந்தது, மாஸ்டர் செய்தவர்கள் மல்டிட்ராக்கைக் கிட்டத்தட்ட 3 சதவீதம் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். சுருதியில் கால் கட்டை ஏற்றம். நான்கு நிமிடப் பாட்டில் ஏழு விநாடி. நீளம் வித்தியாசப்படுவதை நான் முன்பே கவனித்திருந்தேன். ஃபேட் அவுட் எங்கே முடிகிறது என்பதில் வரும் வித்தியாசமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதோடு முடியவில்லை. இரண்டாவது பல்லவிக்குப் பிறகு ஸ்டீரியோ டேப்பை பிளேடால் வெட்டி இரண்டு பார் (தாளச் சுற்று) நீக்கியிருந்தார்கள். என் மிக்ஸில் அந்த இரண்டு பாரும் சொகுசாக இருந்தன.

டேப்பை மறுபடி சூடுபடுத்தி, இயந்திரத்தைச் சரியான வேகத்தில் வைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாற்றினோம். பதினோரு நாள் நகர்த்திய ஃபேடர் அசைவு ஒவ்வொன்றும் தப்பான நேரத்தில் நின்றது. ஸ்டூடியோ வாடகை என் கையை விட்டுப் போனது. ஸ்டீரியோ மாஸ்டரை முதல் நாளே ஏற்றிப் பக்கத்தில் வைத்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் அது. அதனால்தான் இதைப் பிறர் செய்வதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது.

மல்டிட்ராக் டேப் என்பது சமையலுக்கு நறுக்கி வைத்த காய்கறி. அந்தக் காலத்து ஆல்பங்களில் பாதி வேலை மிக்ஸ் செய்யும் இரவில்தான் நடந்தது. பிளேட் ரிவெர்ப் (உலோகத் தகட்டால் உண்டாக்கும் அறை முழக்கம்), எதிரொலி, வேக மாற்றம், வெட்டி ஒட்டல் எல்லாம் அப்போது சேர்ந்தவை. 1966இல் அபே ரோட் ஸ்டூடியோவில் கென் டவுன்சென்ட் உருவாக்கிய ஏ.டி.டி., அதாவது ஒரே குரலை டேப் மூலம் இரட்டிப்பாக்கும் முறை, பெரும்பாலும் மிக்ஸின்போது சேர்க்கப்பட்டது. மல்டிட்ராக்கில் ஒற்றைக் குரல்தான் இருக்கும். நீங்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டால், ஐம்பது வருடமாகக் கேட்டவருக்கு வேறு ஆள் பாடுவது போல இருக்கும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 1967இல் வெளிவந்த பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' நான்கு ட்ராக்கில் பதிவானது. நான்கும் நிரம்பியதும் அவற்றைக் குறைத்து இன்னொரு டேப்புக்கு மாற்றி, மேலும் சேர்த்தார்கள். கடைசி டேப்பை மட்டும் எடுத்தால் பல வாத்தியங்கள் ஒரே ட்ராக்கில் ஒட்டிக்கொண்டு பிரியாது. 2017இல் ஜைல்ஸ் மார்ட்டின் அதைப் புதிதாக மிக்ஸ் செய்தபோது, ஒன்று சேர்ப்பதற்கு முந்தைய டேப்களுக்குப் போனார். ஆகவே எத்தனை தலைமுறை டேப் இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள்.

இப்போது நான் செய்வது இது. ஸ்டீரியோ மாஸ்டரும் மல்டிட்ராக்கும் ஒரே செஷனில் இருக்கும். முதல் அடியைச் சேர்த்து வைத்துவிட்டுக் கடைசி அடி சேர்கிறதா என்று பார்ப்பேன். வெட்டு, ஒட்டு, ஃபேட், காணாமல் போன ஒலி எல்லாவற்றையும் நோட்டில் நேரத்தோடு எழுதுவேன். அப்புறம் பழைய ஸ்டீரியோ மிக்ஸையே திரும்பக் கட்டுவேன். ஒரு பொத்தானை அழுத்தி மாற்றினால் எது பழையது, எது என்னுடையது என்று உடனே சொல்ல முடியாத அளவுக்கு வரும் வரை பின் ஸ்பீக்கரைத் திறப்பதே இல்லை. 2009 முதல் கிங் கிரிம்சன் ஆல்பங்களை ராபர்ட் ஃபிரிப்போடு சேர்ந்து புதிதாக மிக்ஸ் செய்த ஸ்டீவன் வில்சனின் வழியும் இதுதான்: முதலில் பழைய ஸ்டீரியோவை அப்படியே கட்டுவது, அதன் பிறகே 5.1. அவர் மிக்ஸ்கள் அந்நியமாகத் தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டிரம்ஸைப் பிய்த்துப் போடுவது

மைக் பத்து இருக்கிறதே, பத்தையும் அறையைச் சுற்றி வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மைக்கிலும் மொத்த டிரம்ஸும் கேட்கும். ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லிவிநாடி ஆகிறது. ஸ்நேர் என்ற டிரம்முக்கு ஒரு மீட்டர் மேலே தொங்கும் மைக்கில் அதே ஸ்நேர் 3 மில்லிவிநாடி தாமதமாக விழும். இரண்டும் முன்னால் இருந்தால் காது ஒரே அடியாகச் சேர்த்துக்கொள்ளும். மேல் மைக்கைப் பின்னால் போட்டால், முன் ஸ்பீக்கரைவிடப் பின் ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் கிட்டே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தாமதமே காணாமல் போய், ஸ்நேர் முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் குழம்பும். டிரம்ஸ் முன்னால் ஒன்றாக இருக்கட்டும். அறையின் ஒலியைப் பிடித்த தூர மைக், ரிவெர்ப், தனியாகப் பதிவு செய்த தம்பூரின், துணைக் குரல்கள், இரண்டாவது கிடார் ஆகியவைதான் பின்னால் போக ஏற்றவை.

இன்னொன்று. 'பின்' ஸ்பீக்கர் என்றாலும் 5.1இல் அது காதுக்குச் சற்றே பின்னால், நடுவிலிருந்து 100 முதல் 120 டிகிரிக்குள் நிற்பது. முன் இடதுக்கும் பின் இடதுக்கும் நடுவே ஒரு வாத்தியத்தை வைத்தால் அது அங்கே நிற்காது. தலையை லேசாகத் திருப்பினாலே ஏதாவது ஒரு பக்கம் குதித்துவிடும்.

குரலை நடு ஸ்பீக்கரில் தனியே விடுவது

1970களின் குவாட்ரஃபோனிக்கில் நான்கு ஸ்பீக்கர்தான், நடு ஸ்பீக்கரே கிடையாது. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்துக்கு ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் செய்த குவாட் மிக்ஸும் அப்படித்தான். 2003இல் ஜேம்ஸ் கத்ரி அதே ஆல்பத்தை 5.1இல் செய்தபோது நடு ஸ்பீக்கர் வந்துவிட்டது. வந்துவிட்டதே என்று குரலை அங்கே மட்டும் வைத்தால் என்ன ஆகும்? பாடகரின் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த தாளம், வரிக்கு வரி ஒட்டிய இடங்கள், மூச்சு எல்லாம் அப்பட்டமாகக் கேட்கும். நான் குரலை முன் இரண்டிலும் வைத்து, நடுவில் 5 டெசிபல் போலக் குறைத்துச் சேர்ப்பேன். துணைக்குக் கொஞ்சம் ஸ்நேர், கொஞ்சம் பேஸ்.

கிடாரைச் சுற்ற விடுவது

வேண்டாம். கடிகாரம் சுற்றி அடிக்கலாம். அதே ஆல்பத்தின் 'டைம்' பாட்டில் வரும் கடிகாரங்களை ஆலன் பார்சன்ஸ் குவாட் ஒலியைக் காட்டுவதற்காகவே பதிவு செய்திருந்தார். கிடார் வாசிப்பவர் அறையைச் சுற்றி ஓடமாட்டார்.

பேஸ் கிடாரை எல்.எஃப்.இ.யில் போடுவது

எல்.எஃப்.இ. என்பது 5.1இல் உள்ள அந்த '.1', தாழ்ந்த ஒலிக்கான தனி சேனல். அது சினிமாவின் வெடிச்சத்தத்துக்காக வந்தது. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வேலை செய்யும், மற்ற ஸ்பீக்கர்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும்படி அமைத்திருப்பார்கள். வீட்டு ஆம்ப்ளிஃபயர் பொதுவாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தானாகவே சப்வூஃபருக்கு அனுப்பிவிடும். பேஸை முன் ஸ்பீக்கர்களில் வைத்தால் போதும், போக வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரும். எல்.எஃப்.இ.யை நம்பி வைத்தால், யாராவது ஸ்டீரியோவாக மாற்றிக் கேட்கும்போது அந்த சேனலைப் பெரும்பாலும் அப்படியே தூக்கி எறிந்துவிடும். பாட்டுக்கு அஸ்திவாரமே இருக்காது.

லிமிட்டர் போட்டு நசுக்குவது

லிமிட்டர் என்பது ஒலியின் உச்சங்களை அமுக்கி மொத்தத்தையும் சத்தமாக்கும் கருவி. டால்பி அட்மாஸ் என்ற சர்ரவுண்ட் வடிவத்தில் மிக்ஸை ஒப்படைக்கும்போது அனுமதிக்கும் சராசரி ஒலி அளவே அதிகபட்சம் -18 எல்.கே.எஃப்.எஸ்.தான் (ஒலி அளவின் அலகு). எதற்கு நசுக்குகிறீர்கள்?

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே உள்ளதை மறப்பது

பாட்டு பாட்டாக மிக்ஸ் செய்து முடித்து, ஃபைல்களை வரிசையாக அடுக்கிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அந்தக் கால ஆல்பத்தில் ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையில் ஏறியிருக்கும், இல்லையென்றால் ஒலி பதியாத வெள்ளை லீடர் டேப் ஒட்டி அளந்த மௌனம் இருக்கும். இரண்டும் ஸ்டீரியோ மாஸ்டரில்தான் உண்டு. நான் ஒவ்வொரு இடைவெளியையும் பத்தில் ஒரு விநாடி வரை அளந்து, அதே நோட்டில் பாட்டின் பெயருக்குக் கீழே எழுதி வைக்கிறேன். அந்த இளைஞர்களின் பாட்டுக்கு முன்னால் ரெக்கார்டில் இரண்டரை விநாடி காற்றின் ஓசை உண்டு. அவர்கள் மிக்ஸ் முதல் கிடார் ஸ்வரத்தில் தொடங்கியது. ரெக்கார்டைப் போட்டுக் காட்டியதும் ஒருவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார், இன்னொருவர் லேப்டாப்பில் அந்தக் காற்று எந்த ட்ராக்கில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்.