அசுவினிக்கு மருந்து தேடும் முன்

சமூகத் தோட்டத்துப் பயற்றங்கொடியில் சாறுறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி தென்பட்டால், பாத்தி முழுவதும் பூச்சிமருந்து தெளிக்காமல், மொய்த்த கொழுந்துகளை மட்டும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஓரத்தில் சில கொத்தமல்லிச் செடிகளைப் பூக்கவிடுங்கள். சிங்கப்பூர் வெப்பத்தில் அவை தாமாகவே சீக்கிரம் பூத்து, அசுவினியைத் தின்னும் பொறிவண்டை ஈர்க்கும்.

மருந்து இரண்டு தரப்பையும் கொன்றாலும், இணைசேராமலே குட்டியிடும் அசுவினி சில நாள்களில் மீண்டும் பெருகிவிடுகிறது, அதை உண்ணும் பொறிவண்டோ மெதுவாகத்தான் திரும்புகிறது. கறுத்த உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளுடன் முதலைக்குட்டி போலிருக்கும் அதன் புழுவைப் பலர் தீய பூச்சியென நசுக்கிவிடுகிறார்கள். அது கூட்டுப்புழுவாகும் முன் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்னக்கூடியது.

அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காக்கும் செடியில், எறும்பை விலக்காதவரை இம்முறை பலிக்காது. இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுகள் படரும் தேமல் என்ற வைரஸ் நோய் தெரிந்தால், அசுவினி அதைப் பிற செடிகளுக்கும் பரப்பும் என்பதால், காத்திருக்காமல் செடியையே பிடுங்கிவிட வேண்டும்.