டிசம்பர்ல மாட்ரிட் போற ஊட்டிக்காரங்களுக்கு

நம்ம ஊட்டி, கோத்தகிரி ஆளுங்களுக்கு மாட்ரிட் குளிர் புதுசு இல்ல, இங்க உறைபனி விழுற காலையில போடுற ஸ்வெட்டர், குல்லா, மேல ஒரு நல்ல ஜெர்கின் போதும். டிக்கெட் போடும்போதுதான் கவனம் வேணும், அங்க கிறிஸ்துமஸ் பண்டிகை டிசம்பர் 25ஓட முடியாது, ஜனவரி 6 வரைக்கும் போகும். முடிஞ்சா ஜனவரி 5 சாயங்காலம் அங்க இருங்க, அன்னிக்குதான் குழந்தை இயேசுவ பாக்க வந்த மூணு ராஜாக்கள் ஊர்வலம், வண்டி மேல இருந்து மிட்டாயா வீசுவாங்க, குழந்தைங்களோட போனா சீக்கிரமே போய் ரோட்டோரம் இடம் பிடிச்சிருங்க. அந்த சமயத்துல ரோஸ்கோன்னு வளையமா ஒரு பன் விப்பாங்க, உள்ள குட்டி பொம்மை இருக்கும், பாத்து கடிங்க!

31 ராத்திரி ஊர் நடுவுல இருக்க புவெர்தா டெல் சோல் சதுக்கத்து கடிகாரம் 12 அடிக்கறப்ப ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சை சாப்பிடணும், விதையில்லாததா வாங்குங்க. கூட்டம் பயங்கரமா இருக்கும், வயசானவங்க இருந்தா ரூம்ல டிவி பாத்துக்கிட்டே சாப்பிடலாம், அங்க நிறைய குடும்பம் அப்படித்தான் பண்றாங்க.

24 ராத்திரி மட்டும் உஷார், எல்லாரும் வீட்டுக்கு போயிருவாங்க, நிறைய ஓட்டல் மூடிருக்கும், மெட்ரோவும் சீக்கிரம் நின்னுரும், பகல்லயே சாப்பாடு வாங்கி வச்சுக்கங்க.

சூடான சுர்ரோவ (எண்ணெயில பொரிச்ச மாவு பலகாரம்) கெட்டி சாக்லேட்ல தொட்டு சாப்பிடாம வந்துராதீங்க, சான் ஹினேஸ் கடை 1894லேர்ந்து இருக்கு, க்யூ நின்னாலும் வொர்த்து.