4/4 பாட்டுக்கு நடுவில் ரெண்டு பீட் பார்: பேண்ட்-இன்-எ-பாக்ஸில் செய்வது எப்படி

பாட்டு முழுக்க 4/4, அதாவது ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) நாலு பீட். ஆனால் பல்லவி முடிகிற இடத்தில் மட்டும் பாடகர் ரெண்டு பீட் கூடுதலாக எடுத்து, மூச்சு விட்டு, அப்புறம்தான் சரணத்துக்குள் வருவார். கையில் கிடார் இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. பக்கவாத்தியத்தைத் தானே வாசிக்கும் பேண்ட்-இன்-எ-பாக்ஸ் மென்பொருளில் கார்டுகளை (chords, பாட்டின் ஸ்வரக்கூட்டுகளை) போட்டுக் கொடுத்தால், அது தன் பாட்டுக்கு நாலு நாலாகவே எண்ணிக்கொண்டு போக, பாடுகிறவர் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம்.

சரி, அந்த ரெண்டு பீட் வர வேண்டிய பாரில் கர்சரை வைத்து எஃப்5 அழுத்துங்கள். திறக்கிற பெட்டியில் பீட் எண்ணிக்கையை 2 ஆக்குங்கள். அடுத்த பாருக்குப் போய் மறுபடி எஃப்5, மறுபடி 4. இந்த ரெண்டாவது வேலையை மறந்தால் (நான் மறக்காத நாள் குறைவு) மிச்சப் பாட்டும் 2/4 ஆகவே ஓடும்.

எண்ணிக்கை சரியாகிவிடும், காதுக்கு மட்டும் இன்னும் உறுத்தும். ஏனென்றால் பாட்டுக்குத் தேர்ந்தெடுத்த ஸ்டைலில் (வாசிப்புப் பாணியில்) டிரம்ஸ், பேஸ் எல்லாமே நாலு பீட்டுக்காக வாசித்து வைத்தவை. மென்பொருள் ரெண்டு பீட்டுக்கென்று புதிதாக எதையும் யோசிப்பதில்லை, முன்பாதியை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுகிறது. சரணம் தொடங்கும் பாரில் பார்ட் மார்க்கர் (புதுப் பகுதி தொடங்குவதைக் காட்டும் குறி) இருந்தால் இன்னும் மோசம். டிரம்ஸ் ஃபில் (அடுத்த பகுதிக்குள் கொண்டுபோகும் சின்ன உருட்டல்) எப்போதும் மார்க்கருக்கு முந்தைய பாரில்தான் வரும், அதாவது நம் குட்டி பாரில், அங்கே பாதியிலேயே அறுந்துவிடும். மார்க்கரை அந்த 2/4 பாருக்கே நகர்த்துங்கள், ஃபில் அதற்கு முந்தைய முழு பாரில் ஒழுங்காக முடியும். குட்டி பாரில் கார்டுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி வைத்தால் எல்லா வாத்தியமும் அந்த ஸ்வரக்கூட்டைப் பிடித்து நிறுத்தும். வெட்டு தெரியாது, மூச்சு விடுகிற இடம் போலவே கேட்கும்.

ஒரு பகுதி முழுவதும் 3/4 என்றால் இந்த வித்தை வேண்டாம். அதே எஃப்5 பெட்டியில் பீட்டோடு ஸ்டைலையும் மூன்று பீட் வால்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள், 4/4 ஸ்டைலை மூன்றாக வெட்டி எட்டு பார் ஓட்டினால் நொண்டுவது போல இருக்கும். ஏழுக்கு மட்டும் வெட்டுவதே நன்றாக வருகிறது: 3, 4, 3, 4 என்று மாற்றி மாற்றி வையுங்கள், மிஸ்ர சாப்பின் தகிட தகதிமிதான். ஒவ்வொரு பார் தொடக்கத்திலும் பேஸ் ஒன்றில் விழுவதால் பிரிப்பு தானாகவே புரியும். என்ன, பார் பாராக மாற்றிக் கை ஒடிந்துவிடும்.

6/8க்குப் போகும்போது (ஒரு பாரில் ஆறு எய்த் நோட், மூன்றுக்கு ஒரு கால் தட்டு) டெம்போவைப் பாருங்கள். குவார்ட்டர் நோட்டில் (4/4இல் ஒரு பீட், ரெண்டு எய்த் நோட்) டெம்போ எண்ணுகிற எந்த மென்பொருளிலும், 4/4இல் 120 என்றால், கால் தட்டும் வேகம் அப்படியே இருக்க 6/8இல் 180 போட வேண்டும். 120ஐ மாற்றாமல் விட்டால் எய்த் நோட் அதே வேகத்தில் ஓடும், கால் தட்டுவது மட்டும் 80க்கு இறங்கும். ரெண்டுமே அழகுதான், பாடுகிறவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.